மூச்சு விடாமல் 50 மீட்டர்

வயது 30. இது நான்காவது ஒலிம்பிக்ஸ். முந்தைய மூன்றிலும் தனிநபர் போட்டியில் ஒரு பதக்கம்கூடக் கிடைக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 2-ம் தேதி இரவு, பாரிஸ் லா டிஃபென்ஸ் அரீனாவில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப்போட்டிக்காக வந்து நின்ற ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்கெவாயின் ஒலிம்பிக் கணக்கு அவ்வளவுதான். 21.25 விநாடியில் அந்தக் கணக்கு மாறியது. தங்கம்! இரண்டாவதாக வந்த பிரிட்டனின் பென் பிரவுட் 21.30. மூன்றாவது, பிரான்ஸின் ஃப்ளோரன் மனாடூ, 21.56.

ஆஸ்திரேலியா நீச்சலையே மூச்சாகக் கொண்ட தேசம். ஆனாலும் ஒலிம்பிக்ஸில் இந்தப் பிரிவில் அந்த நாட்டு ஆண் ஒருவர் தங்கம் வென்றது அதுதான் முதல்முறை. செய்தி அதோடு முடியவில்லை. நீச்சல் பயிற்சியாளர்களை உலகம் முழுக்கப் பேசவைத்தது வேறொன்று. வாரத்துக்கு 30 கிலோமீட்டர் வரை நீந்திப் பழகிய இந்த மனிதர், அதை 2, 3 கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டு இந்தத் தங்கத்தை ஜெயித்திருந்தார். பள்ளி அணியில் இருக்கும் ஒரு சிறுவன் ஒரே காலையில் நீந்தி முடிக்கிற தூரம் அது!

உலகம் முழுவதும் இந்த விளையாட்டில் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. எத்தனை கிலோமீட்டர் நீந்தினாய் என்பதுதான் உழைப்புக்கு அளவு. குளத்தில் எல்லா லேன்களுக்கும் ஒரே கோச், ஒரே செட். 1,500 மீட்டர் நீந்துகிறவனும் 50 மீட்டர் நீந்துகிறவனும் ஒரே தண்ணீரில் ஒரே கணக்குக்கு மேலும் கீழும் போய்வருகிறார்கள். இது எவ்வளவு விசித்திரம் என்பது ஓடுதளத்தைப் பார்த்தால் விளங்கும். 200 மீட்டர் ஓட்டத்தில் உசைன் போல்ட்டின் உலக சாதனை 19.19 விநாடி. 50 மீட்டர் நீச்சலும் ஏறக்குறைய அதே நேரத்துக்குள் முடிந்துவிடுகிற வேலை. 200 மீட்டர் ஓட்டக்காரரை எந்தக் கோச்சாவது மாரத்தான்காரரோடு சேர்த்து ஓடவிடுவாரா? தண்ணீருக்குள் மட்டும் அதைப் பல்லாண்டு காலமாகச் செய்துவருகிறோம்.

ரியோ தந்த அடி

மெக்கெவாய் கோல்டு கோஸ்டில் பிறந்தவர். கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கணிதமும் படித்தவர். சக வீரர்கள் வைத்த பெயர் 'புரொஃபசர்'. ஈர்ப்பலைகள் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 2016-ல் வந்தபோது, அந்த அலையின் வரைபடத்தைத் தன் நீச்சல் தொப்பியில் அச்சிட்டுக்கொண்டு தேசியப் போட்டியில் இறங்கியவர். அந்த ஆண்டு ஏப்ரலில், அடிலெய்டில், 100 மீட்டரை 47.04 விநாடியில் கடந்தார். அந்நாளில், சாதாரணத் துணி உடையில் அதைவிட வேகமாக யாரும் நீந்தியிருக்கவில்லை. நான்கு மாதத்தில் ரியோ ஒலிம்பிக்ஸ். தங்கம் அவருக்குத்தான் என்று எல்லோரும் எழுதினார்கள்.

இறுதிப்போட்டியில் அவருக்குக் கிடைத்தது ஏழாவது இடம். தங்கம் வென்றது 18 வயது கைல் சால்மர்ஸ், அவரும் ஆஸ்திரேலியர். 50 மீட்டரில் மெக்கெவாயால் இறுதிச் சுற்றுக்கே வர முடியவில்லை. ஐந்தாண்டு கழித்து டோக்கியோவிலும் தனிநபர் பிரிவில் அதே கதை. அதன்பிறகு தண்ணீரைவிட்டு விலகினார். பாறை ஏறினார். தன் உடல் எடையையே தூக்கி இறக்கும் கலிஸ்தெனிக்ஸ் பயிற்சியில் இறங்கினார். ஓட்டக்காரர்களும் டிராக் சைக்கிள் வீரர்களும் வேகத்துக்காக எப்படித் தயாராகிறார்கள் என்று தேடிப் படித்தார்.

2022-ன் பிற்பகுதியில் பிரிஸ்பேனில் கோச் டிம் லேனிடம் வந்து சேர்ந்தபோது, அவர் கையில் இருந்தது ஓர் இயற்பியல் மாணவனின் கேள்வி: 21 விநாடி வேலைக்கு உடம்பில் என்னென்ன வேண்டும்? அதற்குச் சம்பந்தம் இல்லாத எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் என்ன ஆகும்?

2023 ஜூலையில் ஃபுகுவோகா உலக சாம்பியன்ஷிப்பில் பதில் வந்தது. 21.06 விநாடி. 29 வயதில் முதல் உலகப் பட்டம். அடுத்து வந்தவருக்கும் இவருக்கும் அரை விநாடி இடைவெளி. நூறில் ஒரு பங்கு விநாடிக்கு அடித்துக்கொள்ளும் பந்தயத்தில் அரை விநாடி! அடுத்த ஆண்டு தோஹாவில் உக்ரைனின் விளாடிஸ்லாவ் புகோவிடம் 0.01 விநாடியில் தங்கத்தை விட்டார். பிறகு பாரிஸ் தங்கம். 2025-ல் சிங்கப்பூர் உலகப் போட்டியில் 21.14 விநாடியில் மறுபடியும் தங்கம். ஒருமுறை ஜெயித்தால் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நடந்ததை அப்படி ஒதுக்க முடியாது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

முழு வேகத்தில் இயங்கும் தசை, முதல் சில விநாடிகளுக்குத் தன்னிடம் ஏற்கெனவே இருப்பு வைத்திருக்கும் ஏ.டி.பி., கிரியேட்டின் பாஸ்பேட் என்ற எரிபொருட்களை வைத்தே ஓடுகிறது. அந்த இருப்பு சுமார் 10 விநாடிக்குத்தான் தாங்கும். அதன்பிறகு தசையில் சேமித்த சர்க்கரை, ஆக்ஸிஜனுக்குக் காத்திராமல் உடைகிறது. சுவாசித்த ஆக்ஸிஜன் நுரையீரலைத் தாண்டி, ரத்தத்தில் ஏறி, தசைக்குப் போய்ச் சேர்ந்து பெரிதாக வேலையைத் தொடங்குவதற்குள் 50 மீட்டர் பந்தயம் முடிந்தேவிடும். நெடுந்தூர நீச்சல் வளர்ப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியை.

அடுத்தது தண்ணீரின் எதிர்ப்பு. வேகம் கூடக்கூட எதிர்ப்பு வேகத்தின் இருமடி விகிதத்தில் ஏறும். அதைச் சமாளிக்க வேண்டிய திறனோ மும்மடி விகிதத்தில். ஒரு சதவிகிதம் வேகமாக நீந்த ஏறக்குறைய 3 சதவிகிதம் கூடுதல் திறன் தேவை. 21.25 விநாடியில் ஒரு சதவிகிதம் என்பது 0.21 விநாடி. பாரிஸில் தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் இருந்த மொத்த வித்தியாசமே 0.31 விநாடி என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அதனால்தான் மெக்கெவாய் ஜிம்முக்குப் போனார். எடையைக் கட்டிக்கொண்டு புல்-அப்ஸ் எடுத்தார். முதுகையும் தோளையும் தொடையையும் பலப்படுத்தினார். பலம் கூடியதும் தண்ணீருக்குள் அதே ஸ்ட்ரோக்குக்குக் கூடுதல் வேகம்.

நரம்பும் பழக்கத்துக்கு அடிமை. மெதுவாகவே 5 கிலோமீட்டர் நீந்தினால், மெதுவாக நீந்துவதற்கான தாளத்தைத்தான் அது கற்றுக்கொள்ளும். பந்தயத்தில் நிமிடத்துக்கு 60 சுற்றுக்கு மேல் சுழல வேண்டிய கைகள், பயிற்சியில் அந்தத் தாளத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஸ்ப்ரின்ட் பயிற்சியின் அடிப்படை இங்கேதான் இருக்கிறது. 15 மீட்டர் அல்லது 25 மீட்டர், முழு வேகம். பிறகு கரையேறி பல நிமிட ஓய்வு. கிரியேட்டின் பாஸ்பேட் திரும்ப நிரம்ப அந்த நேரம் வேண்டும். மறுபடி ஒன்று. சில சமயம் இடுப்பில் ரப்பர் கயிறு, சில சமயம் பின்னால் இழுக்கும் சின்ன பாராசூட். நேரம் குறையத் தொடங்கினால், அன்றைய வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். இன்னும் நான்கு அடித்துவிட்டுப் போ என்று சொல்லும் கோச், களைப்பைத்தான் பயிற்றுவிக்கிறார்.

கரையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பல நிமிடங்கள்தான் பெற்றோருக்குப் பொறுக்காது. பையன் சும்மா இருக்கிறானே என்று தோன்றும். அந்த ஓய்வு பயிற்சியின் பாதி. அது இல்லாவிட்டால் அடுத்த 25 மீட்டர் பந்தய வேகத்தில் வராது. பந்தய வேகத்தில் வராத 25 மீட்டரால் ஸ்ப்ரின்ட்காரருக்குப் பெரிய லாபம் இல்லை.

விசிலிலிருந்து சுவர் வரை

இந்தப் பந்தயத்தை டி.வி.யில் பார்க்கிறவர்களுக்கு வெள்ளை நுரைதான் தெரியும். பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு கதை.

நீண்ட விசில். ஸ்டார்ட்டிங் பிளாக்கில் ஏறுகிறார்கள். பிளாக்கின் பின்பக்கம் சாய்வாக ஒரு பலகை. பின்காலை அதில் ஊன்றி உதைப்பதற்காக, சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் சேர்க்கப்பட்டது. 'டேக் யுவர் மார்க்ஸ்' என்றதும் உடம்பு ஆடக் கூடாது. ஆடினால் வெளியே. சத்தம் கேட்டு, கால் பிளாக்கைவிட்டுப் பிரிய 0.6 விநாடி அளவில் ஆகும். விரல் நுனி தண்ணீரைத் தொட்ட அதே இடத்தில் தலை, இடுப்பு, கால் எல்லாம் நுழைய வேண்டும். டைவ் தரும் வேகம் நீந்தி எட்ட முடியாத வேகம். அதைக் கெடுக்காமல் கொண்டுபோவதுதான் அடுத்த சில விநாடிகளின் வேலை. தண்ணீருக்கு அடியில் டால்பின் கிக். 15 மீட்டருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் 50 மீட்டரில் பலரும் அதுவரை காத்திருப்பதில்லை. வேகம் இறங்குகிற கணத்தில் மேலே வந்து ஸ்ட்ரோக்கைத் தொடங்குகிறார்கள். முன்னணி ஆண்கள் 15 மீட்டரை ஐந்தேகால் விநாடி அளவில் தொட்டுவிடுவார்கள். நேரக் கணக்கில் பந்தயத்தின் கால்பங்கு முடிந்தது. பலர் இன்னும் சில ஸ்ட்ரோக்குகள்கூட அடித்திருக்க மாட்டார்கள்.

பிறகு கைகள். முழங்கை உயரத்தில் நிற்க, முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து தண்ணீரைப் பிடிக்க வேண்டும். கேட்ச் என்பார்கள். பிடி நழுவினால் கை வேகமாகச் சுற்றும், உடம்பு நகராது. ஆறு கிக்குக்கு ஒரு கைச்சுற்று. தலை அசையாது. முன்னணி வீரர்களில் பலர் 50 மீட்டர் முழுக்க ஒருமுறைகூட மூச்சு எடுப்பதில்லை. சிலர் ஒரே ஒருமுறை. தலையைத் திருப்பினால் உடம்பின் நேர்கோடு கலைகிறது, தாளம் தடுமாறுகிறது. அதற்கு ஈடாகக் கிடைக்கும் ஆக்ஸிஜனோ பந்தயம் முடிந்தபிறகுதான் பயன்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளையும் தனியாகக் குளத்தில் மூச்சை அடக்கிப் பழகக் கூடாது. வேகமாக ஆழ்ந்து மூச்சிழுத்துவிட்டுத் தண்ணீருக்கடியில் அடக்கினால், மூச்சு முட்டும் உணர்வே வராமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

கடைசி 10 மீட்டரில் யாரும் வேகம் கூட்டுவதில்லை. எல்லோருக்கும் வேகம் குறைகிறது. குறைவாகக் குறைகிறவர் ஜெயிக்கிறார். சுவரைத் தொடும்போது கை முழுநீளத்துக்கு நீண்டிருக்க வேண்டும். கை அரைகுறையாக மடங்கிய நிலையில் சுவர் வந்தால், அல்லது இன்னொரு ஸ்ட்ரோக் போட இடமில்லாமல் மிதந்துபோய்த் தொட்டால், பதக்கம் பக்கத்து லேனுக்கு. அதனால்தான் ஸ்ட்ரோக்குகளை எண்ணி எண்ணிப் பழகுகிறார்கள்.

இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு

50 மீட்டரை 21.25 விநாடியில் கடந்தால் சராசரி வேகம் விநாடிக்கு 2.35 மீட்டர். அந்த வேகத்தில் 0.01 விநாடி என்பது சுமார் 2.35 சென்டிமீட்டர் தூரம். இதைவிட நுணுக்கமாக நீச்சலில் நேரம் பார்ப்பதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் 400 மீட்டர் மெட்லேயில் ஸ்வீடனின் குன்னர் லார்சன் அமெரிக்காவின் டிம் மெக்கீயை 0.002 விநாடியில் வென்றதாக அறிவித்தார்கள். தூரமாகப் பார்த்தால் 3 மில்லிமீட்டர். குளத்தின் சுவர் ஒரு லேனுக்கும் இன்னொரு லேனுக்கும் அதைவிட அதிகமாகவே வித்தியாசப்படலாமே! அதற்குப்பிறகு, நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். சமமென்றால் இருவருக்கும் தங்கம்.

சிட்னி 2000-ல் இந்த 50 மீட்டரிலேயே அது நடந்தது. அமெரிக்காவின் கேரி ஹால் ஜூனியர், ஆன்டனி எர்வின் இருவருக்கும் 21.98. எர்வினுக்கு 19 வயது. சில ஆண்டுகளில் விளையாட்டைவிட்டே போய்விட்டார். 2004 டிசம்பரில் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் இலங்கையின் கிழக்குக் கரையையும் அள்ளிக்கொண்டுபோன ஆழிப்பேரலைக்குப் பிறகு, அந்தத் தங்கப் பதக்கத்தை இணையத்தில் ஏலம்விட்டு, கிடைத்த பணத்தைச் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார். நம் கரையில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய பெயர். திரும்பவும் பயிற்சிக்கு வந்து, 2016 ரியோவில், 35 வயதில், அதே 50 மீட்டரை 21.40 விநாடியில் நீந்தி மறுபடி தங்கம் வென்றார். இரண்டாவது மனாடூ, 21.41.

வயது விஷயத்தில் இந்தப் பந்தயம் தாராளமானது. பாரிஸ் மேடையில் நின்ற மூவருக்கும் வயது 30, 29, 33. பெண்கள் 50 மீட்டரில் தங்கம் வென்ற ஸ்வீடனின் சாரா ஷோஸ்ட்ரமுக்கும் 30. 2008 பெய்ஜிங்கில் அமெரிக்காவின் டாரா டோரஸ் 41 வயதில் 0.01 விநாடியில் தங்கத்தைத் தவறவிட்டார். பலமும் நுட்பமும் வளர ஆண்டுகள் பிடிக்கின்றன. 16 வயதில் பதக்கம் வரவில்லை என்று பிள்ளையைக் குளத்தைவிட்டு வெளியே இழுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதற்காக, பழைய முறையெல்லாம் வீண் என்று எழுத எனக்கு மனமில்லை. 1992, 1996 இரண்டு ஒலிம்பிக்ஸிலும் 50, 100 இரண்டிலும் தங்கம் வென்ற ரஷ்யாவின் அலெக்சாண்டர் போபோவ், கோச் கென்னாடி துரெட்ஸ்கியிடம் நீண்ட தூரத்தை நிதானமாக, ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் பிசகாமல் நீந்தி வளர்ந்தவர். அவர் தண்ணீரில் போவதைப் பார்த்தால் சிரமப்படுவதாகவே தெரியாது. மெக்கெவாய்க்கும் அடியில் பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட கிலோமீட்டர்கள் இருக்கின்றன. அந்த அஸ்திவாரத்தின் மீதுதான் புதிய முறை நின்றது. 12 வயதுப் பிள்ளை வாரத்துக்கு 3 கிலோமீட்டர் நீந்தினால் போதும் என்று யாராவது இதிலிருந்து எடுத்துக்கொண்டால் அது பெரிய தப்பு. அந்த வயதில் தண்ணீரோடு பழக வேண்டும், நான்கு ஸ்ட்ரோக்கும் சுத்தமாக வர வேண்டும். 100 மீட்டர் கணக்கும் வேறு. கடைசி 25 மீட்டரைத் தாங்க இன்னும் நிறைய தண்ணீர் வேலை வேண்டும். மெக்கெவாய் 50 மீட்டரை மட்டும் தேர்ந்துகொண்டதால்தான் அவ்வளவு குறைக்க முடிந்தது.

ஆனால் 17, 18 வயதில் ஸ்ப்ரின்ட்தான் இவனுக்கு என்று தெரிந்தபிறகும் அவனை 1,500 மீட்டர்காரரின் செட்டிலேயே ஓட்டுவதற்கு இனி நியாயம் கிடையாது. இதுதான் என் உறுதியான கருத்து.

ஜகார்த்தாவில் நழுவியது

இந்த நூறில் ஒரு பங்கு விநாடியின் வலி இந்தியாவுக்கும் தெரியும். கோலாப்பூரிலிருந்து வந்த வீர்தவல் காடே, 16 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்குப் போனவர். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 50 மீட்டர் பட்டர்ஃப்ளையில் வெண்கலம் வென்றார். 1986-ல் கஜன் சிங் பெற்ற வெள்ளிக்குப் பிறகு ஆசிய விளையாட்டு நீச்சலில் இந்தியாவுக்கு வந்த முதல் பதக்கம் அது. பிறகு மகாராஷ்டிரத்தில் தாசில்தார் வேலை. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தகுதிச் சுற்றில் 22.43 விநாடி, புதிய தேசிய சாதனை. மாலையில் இறுதிச் சுற்று. 22.47. நான்காவது இடம். வெண்கலம் வென்றவரின் நேரம் 22.46. காலையில் நீந்திய அதே நேரத்தை மாலையிலும் நீந்தியிருந்தால் வெண்கலம் அவருடையது.

திறமை நம்மிடம் இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். இருந்தது, 0.01 விநாடி தூரத்தில் இருந்தது. ஸ்டார்ட்டில், டைவில், சுவரைத் தொடும் விதத்தில் அந்த 0.01 ஒளிந்திருக்கிறது. அவற்றைப் பழக வாரக்கணக்கில் கிலோமீட்டர்கள் தேவையில்லை. சரியான பிளாக் வேண்டும், மேலேயும் அடியிலும் படம்பிடிக்க கேமரா வேண்டும், பொறுமையாக நேரம் குறிக்கிற ஆள் வேண்டும். மாவட்டத் தலைநகரக் குளங்களில் இவற்றைச் செய்துகொடுப்பது அரசுக்குப் பெரிய செலவே அல்ல.

இதைச் செய்ய இப்போது ஒரு கூடுதல் காரணமும் வந்திருக்கிறது. 1988 சியோலில் 50 மீட்டர் ஒலிம்பிக்ஸில் நுழைந்தபோது ஃப்ரீஸ்டைலுக்கு மட்டுமே இடம். அன்று அமெரிக்காவின் மாட் பியோண்டி 22.14 விநாடியில் வென்றார். 2028 லாஸ் ஏஞ்சலஸில் பட்டர்ஃப்ளை, பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக் ஆகிய மூன்றிலும் 50 மீட்டர் சேர்கிறது. 50 மீட்டருக்கு ஆண்களுக்கும் பெண்களுக்குமாக இரண்டு தங்கங்கள் இருந்த இடத்தில் இனி எட்டு. கோச்சுகளே, உங்கள் ஸ்ப்ரின்ட் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது தனி லேன் கொடுங்கள். முழு வேகம், முழு ஓய்வு, கையில் ஸ்டாப்வாட்ச். பெற்றோரே, வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்று 15 மீட்டரை எத்தனை விநாடியில் தொட்டாய் என்று கேளுங்கள்.